பேர் இருக்கிற பக்கம்

வெள்ளை மாத்திரை ஈரலைத் தின்றுவிடும் என்று எனக்கு முதலில் சொன்னது லில்லி டீச்சர்தான், நாலு வருஷத்துக்கு முந்தி, அசனத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். கோயில் பின்புறத்துப் பந்தலில் நாங்கள் பெண்கள் முப்பது பேர் தார்ப்பாயில் வட்டமாக உட்கார்ந்து, மறுநாள் சபை முழுவதும் பந்தியில் சாப்பிடப் போகிற குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். எல்லார் கண்ணிலும் தண்ணீர் வடிகிற இடம் அது. ஒருத்தி அழுதால் ஏன் என்று இன்னொருத்தி கேட்காத இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அதனால்தான் அங்கே வைத்துக் கேட்டேன். டீச்சர், ஈரல் சுருங்கிப்போனவங்களுக்கு இடுப்பு வலி வந்தா என்ன மாத்திரை குடுக்கலாம், எங்க தூரத்துச் சொந்தத்துல ஒருத்தருக்கு, என்று. தூரத்துச் சொந்தம். கட்டிலில் என் பக்கத்தில் முப்பத்தாறு வருஷம் படுத்தவரைத் தூரத்துச் சொந்தம் என்றேன். லில்லி டீச்சர் கத்தியை நிறுத்தவே இல்லை. எதுனாலும் குடு, அந்த வெள்ளை மாத்திரை மட்டும் குடுத்திராத, காய்ச்சல் மாத்திரை இருக்குல்லா, அது ஈரலைத் தின்னுரும், என் தம்பி அப்படித்தான் போனான் என்றார். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். தம்பியைப் பற்றித்தான். அது என்ன என்பதுதான் எனக்கு எப்போதும் பிடிபடாமல் நழுவும். இப்போது இந்த மருந்துக் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறபோதும் அதைத்தான் தேடுகிறேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். என் முறை வருவதற்குள் அது ஞாபகத்துக்கு வந்துவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது. ஏன் நல்லது என்று தெரியவில்லை.

பல் வியாழக்கிழமையே தொடங்கிவிட்டது. கீழ் வரிசையில் வலப்பக்கம், கடைசிக்கு முந்தின கடைவாய்ப் பல். கிராம்பை நசுக்கி வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், முழங்காலில் நின்றேன். ஜெபம் பண்ணுகிறபோது நாக்கு தன்னால் அந்தப் பல்லிடம் போய்விடுகிறது. ஆண்டவரே என்று சொல்லும்போதே நாக்கின் நுனி அங்கே போய்த் தொட்டு, அது அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறது. பாவமும் அப்படித்தான் என்று நினைத்தேன், பிறகு பல்வலியைக்கூடப் பிரசங்கமாக ஆக்க வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். பல் டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார். இன்றைக்குச் சனி. மத்தியானம் மதுரையிலிருந்து என் மகள் பியூலா பேசினாள். அம்மா, பல்லு வலின்னா மெடிக்கல்ல போயி ஒரு மாத்திரை வாங்கிப் போடுங்க, அதுக்கு எதுக்கு விரதம் இருக்கீங்க என்றாள். அவளுக்கு என்னுடைய ஸ்கேன் தெரியாது. பங்குனி மாசம் கோயில் வளாகத்தில் வைத்தியமுகாம் நடந்தபோது, எல்லாரும் வயிற்றைக் காட்டினார்கள் என்று நானும் காட்டினேன். அந்த டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, அம்மா ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு, கொஞ்சம் தழும்பும் விழுந்திருக்கு, பயப்படாதீங்க, ஆனா பாத்துக்கிடணும் என்றார். வலி வந்தா என்ன மாத்திரை போடலாம் டாக்டர் என்று கேட்டேன். எத்தனையோ கேள்வி இருக்க நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர் நிமிர்ந்து பார்த்தார். இப்ப வலி இருக்கா. இல்ல டாக்டர். பிறகு. சும்மா தெரிஞ்சுக்கிடத்தான். அப்போதுதான் அவர் சொன்னார், காய்ச்சலுக்குப் போடற வெள்ளை மாத்திரையே போடலாம்மா, அளவாப் போட்டா அதுதான் உங்களுக்கு நல்லது, ஐந்நூறு அளவுல ஒண்ணு, ஆறு மணி நேரம் கழிச்சுத்தான் அடுத்தது, ஒரு நாளைக்கு நாலைத் தாண்டக் கூடாது, மூணு நாள்ல வலி நிக்கலைன்னா என்கிட்ட வரணும். மத்த வலி மாத்திரை எதுவும் தொடாதீங்க, ஈரல் கெட்டவங்களுக்கு அதுதான் ரத்தக் கசிவைக் கொண்டுவரும், கிட்னியையும் கெடுக்கும். எங்க வாங்கினாலும் ஈரல் கோளாறு இருக்குன்னு சொல்லி வாங்குங்க. நான் தலையை ஆட்டினேன். காலில் இருந்த செருப்பைத் தேடிப் போடவே எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. ஒரு காலுக்குப் போட்டுவிட்டு இன்னொன்று எங்கே என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அது என் கையிலேயே இருந்தது.

கடையில் முன்னால் நிற்கிற ஆளைப் பார்த்தால் கட்டட வேலைக்காரர் மாதிரி இருக்கிறது, முழங்கை வரைக்கும் சிமெண்ட் காய்ந்திருக்கிறது. தாயி, மேலுக்கு நோவுது, ஒரு செட்டு குடு என்கிறார். செட்டு என்றால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். மூன்று நாலு விதமான மாத்திரைகளை அட்டையிலிருந்து கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, ஒரு காகித உறையில் போட்டு, காலைக்கு இது ராத்திரிக்கு இது என்று கொடுப்பது. எந்தத் துண்டுக்கு என்ன பேர் என்று வாங்குகிறவரும் கேட்கமாட்டார், கொடுக்கிறவரும் சொல்லமாட்டார். ஆனால் இப்போது கடையில் நிற்கிற பெண் புதிது, படித்துவிட்டு வந்த பிள்ளை. செட்டெல்லாம் குடுக்கதில்ல அண்ணாச்சி, என்ன மாத்திரை வேணும் என்கிறாள். அதான், போனமட்டம் கடைக்கார அண்ணாச்சி இருக்கும்போது குடுத்தாவள்லா, பச்சைக் கலர்ல. பச்சையில நூறு மாத்திரை இருக்கு, பேரு சொல்லுங்க. சுடலைமுத்து. ஒங்க பேரு இல்ல அண்ணாச்சி, மாத்திரை பேரு. அது பேரை நான் என்னத்தக் கண்டேன் தாயி, அதுக்கு என் பேரு தெரியுமா. கடையில் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வந்து பல்லில் இடித்தது. அவர் இருந்திருந்தால் சிரித்திருக்கமாட்டார். என் வீட்டுக்காரர் கோயில்பிள்ளை, பள்ளிக்கூடத்தில் ரசாயன லேப்பில் உதவியாளராக இருந்தவர், முப்பத்து மூன்று வருஷம் குப்பிகளுக்குப் பேர் ஒட்டியவர். நீல விளிம்பு போட்ட வெள்ளைத் துண்டுக் காகிதம், பின்னால் பசை, நாக்கில் நனைத்து ஒட்டுவார். எங்கள் வீட்டில் சீனி டப்பாவில் சீனி என்று ஒட்டியிருக்கும், உப்பு டப்பாவில் உப்பு என்று. உப்பு எதுன்னு எனக்குத் தெரியாதா என்று கேட்டால், ஒனக்குத் தெரியும் தெபோ, நீ ஊருக்குப் போயிருக்கும்போது எனக்குத் தெரியணும்லா என்பார். லேப்பில் பேர் உதிர்ந்துபோன குப்பி எதையாவது கண்டால் மோந்து பார்க்கமாட்டார், யாரையும் பார்க்கவும் விடமாட்டார். நேராக ஆசிரியரிடம் கொண்டுபோய், இது போகட்டும் சார் என்று வைத்துவிடுவார். தண்ணீராகத்தான் இருக்கும் கோயில்பிள்ளை என்று அவர்கள் சொன்னால், பேர் இல்லைன்னா அது தண்ணி இல்ல சார் என்பாராம். அப்படிப்பட்டவருக்கு நான். கர்த்தாவே, அப்படிப்பட்டவருக்குத்தான் நான்.

அவருக்கு ஈரல் சுருங்கியிருக்கிறது என்று சொன்ன அன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் படிக்கட்டில் நாங்கள் இரண்டு பேரும் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். குடிக்காதவங்களுக்கும் வரும், சர்க்கரையால வரும், கொழுப்பால வரும் என்று டாக்டர் நாலு தடவை சொன்னார். டாக்டர் சொல்லிவிடுவார். எங்கள் தெருவில் ஈரல் என்று சொன்னால் ஆட்கள் வாயால் பதில் சொல்லமாட்டார்கள், கட்டை விரலை வாய்ப்பக்கம் காட்டித் தலையைச் சாய்ப்பார்கள். அவரோ வருஷா வருஷம் மதுவிலக்கு ஞாயிறு அன்றைக்குக் கோயில் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து குடிக்கமாட்டேன் என்று வாலிபர்களிடம் கையெழுத்து வாங்குகிறவர். இருமலுக்கு வாங்குகிற மருந்தில்கூட அது கலந்திருக்கிறதா என்று குப்பியைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறவர். படிக்கட்டில் வைத்து, வெளிய சொல்லாத தெபோ, பிள்ளைகள்ட்ட மட்டும் சொல்லு, ஊர்ல சொல்லாத என்றார். சிரிக்கப் பார்த்தார். நான் கையெழுத்து வாங்கின பயலுவல்லாம் வந்து என்கிட்ட கையெழுத்து கேப்பானுவ என்றார். நான் சரி என்றேன். சொல்லாமல் இருப்பது எனக்கு லேசான காரியமாகத்தான் தெரிந்தது. ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதில் என்ன வேலை இருக்கிறது. துணி துவைப்பதைப் போலவா, மாவு ஆட்டுவதைப் போலவா. ஆனால் அந்த ஒரு வார்த்தையை மூடிவைக்க அதன் மேலே வேறு வேறு வார்த்தைகளை எடுத்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. கால் வீங்கினால் உப்பு ஆகவில்லை என்றேன். கண் மஞ்சளானால் சரியான தூக்கம் இல்லை என்றேன். பாட்டுக் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவர் ஏன் வரவில்லை என்று கேட்டால் தொண்டை சரியில்லை என்றேன். எல்லாம் சின்னச் சின்னப் பொய். தூக்கிப் பார்த்தால் எடையே இருக்காது.

யாரோ தோளைத் தொடுகிறார்கள். என்ன தெபோராள், மூஞ்சி ஒரு பக்கம் பன்னு மாதிரி இருக்கு. லில்லி டீச்சர். தேடிக்கொண்டிருந்த ஆளே வந்து நிற்கிறார், குடையும் மஞ்சள் பையுமாக. ரிட்டையராகிப் பத்து வருஷம் ஆகிறது, இன்னும் வகுப்புக்குள் வருகிற மாதிரிதான் எங்கேயும் வருவார். பல்லு டீச்சர் என்றேன். பிடுங்கிப் போடு, நமக்கெல்லாம் இனிமே எதுக்கு அது, முறுக்கா கடிக்கப் போறோம் என்றார். எனக்கு எண்ணெய் வாங்கணும், முட்டிக்கு. எண்ணெயும் கேக்கல, மாத்திரையும் கேக்கல, நடக்காதங்கான் டாக்டர், நடக்காம நான் எங்க பறக்கவா. நான் நகர்ந்து இடம் விட்டேன். அவர் உட்காரவில்லை, என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறார். என் வீட்டுக்காரருக்கு மாத்திரை வாங்க வந்த அன்றைக்கும் இப்படித்தான். இதே கடை, இதே சாயங்காலம், எதிர்த்த ஓட்டலில் புரோட்டாக் கல்லைத் தேய்க்கிற அதே சத்தம், பின்னால் லில்லி டீச்சர். அன்றைக்குக் கோடாலித் தைலமோ ஏதோ வாங்க வந்திருந்தார். இவர் இல்லாமல் இருந்திருந்தால் நான் அண்ணாச்சியிடம் சொல்லியிருப்பேன் என்று நாலு வருஷமாக எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். சொல்லியிருப்பேனா. வாசலில் காக்கா நின்றால்கூடச் சொல்லியிருக்கமாட்டேன் போல இருக்கிறது. டீச்சர் மேல் பழியைப் போடுவது எனக்குச் சுலபம். அவர் நாற்காலியைப் பிடித்திருக்கிற விரல்களைப் பார்க்கிறேன், ஒவ்வொரு கணுவும் இஞ்சி மாதிரி வீங்கியிருக்கிறது. இவர் யாருக்கு என்ன செய்தார்.

அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். அசனத்துக்கு இரண்டு நாள் முந்தி, மழையில் ஒழுகுகிறதே என்று அரிசி டின்னை இழுத்து வைக்கப் போய் இவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. திரும்பிப் படுக்க முடியவில்லை. ஈரல் டாக்டரைப் பார்க்கப் புதன்கிழமைதான் போக முடியும். எதுவானாலும் என்னைக் கேளுங்க என்று டாக்டர் நம்பர் கொடுத்திருந்தார். இடுப்பு வலிக்கெல்லாம் பெரிய டாக்டரைக் கூப்பிடுவதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. வெள்ளை மாத்திரை வீட்டிலேயே இருந்தது, ஒரு முழு அட்டை, பேரோடு. அதை எடுத்துத் தூரப் போட்டேன். ஈரலைத் தின்னும் மாத்திரை என் வீட்டில் எதற்கு என்று குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன். இடுப்பு வலிக்கு நல்ல மாத்திரையா குடுங்க அண்ணாச்சி, வெள்ளை வேண்டாம் என்றேன். யாருக்கு என்று கேட்டார். அவர் கேட்டார், அதை நான் மறைக்கக் கூடாது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, யாருக்கும்மா, அண்ணனுக்கா, சுகர், பிரஷர், வேற ஏதும் உண்டா என்று கேட்டார். பின்னால் லில்லி டீச்சரின் பிளாஸ்டிக் பை சரசரத்தது. எனக்குத்தான் அண்ணாச்சி, ஒண்ணும் கிடையாது என்றேன். அவர் ஆரஞ்சு நிறத்தில் ஆறு மாத்திரையைக் கத்தரியால் வெட்டிக் கொடுத்தார். சாப்பிட்ட பிறகு போடுங்க. அவ்வளவுதான். மூன்று நாள், காலையிலும் ராத்திரியிலும் ஒன்று. இரண்டாம் நாளே எழுந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு எவ்வளவு சந்தோஷம். சாயங்கால ஜெபத்தில் அந்த மாத்திரைக்காகவும் ஸ்தோத்திரம் சொன்னேன். சொன்னேன் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அந்த வார்த்தைகள்கூட ஞாபகம் இருக்கிறது. லில்லி டீச்சர் தம்பியைப் பற்றிச் சொன்னதுதான் ஞாபகம் இல்லை.

நாலாம் நாள் அவர் கக்கூஸிலிருந்து வந்து, தெபோ, தார் மாதிரிப் போகுது என்றார். நேற்றைக்குக் கீரை சாப்பிட்டீங்கள்லா என்றேன். கீரை பச்சையாகத்தானே போகும் என்று எனக்கே தெரியும். சாயங்காலம் பாட்டுப் பயிற்சி நடக்கிற சத்தம் கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தன்னுடைய பகுதியைத் தொண்டைக்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தார், அப்போதுதான் வாந்தி வந்தது. அதை நான் சொல்லமாட்டேன். தரை கழுவின தண்ணீர் சிவப்பாக வாசல் வரைக்கும் போயிற்று, அது போதும். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் எழுதிக்கொண்டே கேட்டார், வலி மாத்திரை ஏதாவது குடுத்தீங்களாம்மா. பியூலா பக்கத்தில் நின்றாள், மதுரையிலிருந்து வந்த கார்ச் சூடு கூட ஆறாத முகம். ஒண்ணும் குடுக்கல டாக்டர் என்றேன். மூன்றாம் நாள் சிறுநீர் இறங்கவில்லை. பெரிய டாக்டரே வந்து கேட்டார். கிட்னி இவ்வளவு வேகமா ஏன் கெடுதுன்னு பாக்குறோம், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து. யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். யோசிக்க என்ன இருந்தது. வீட்டுக்கு உடுப்பு எடுக்க வந்தபோது குப்பைக் கூடையைக் கொட்டித் தேடினேன். வெறும் அட்டைத் துண்டு கிடைத்தது, ஆறு குழிகள், பின்னால் வெள்ளிக் காகிதம். வெட்டின இடத்தில் ஒரு எழுத்தின் வால் மட்டும் இருந்தது, அது எந்த எழுத்தின் வால் என்று தெரியவில்லை. இதை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாலும் இதற்கு என்ன பேர் என்று அவரால் சொல்ல முடியுமா என்று எனக்குள் ஒரு நியாயம் எழும்பியது. கடைக்குப் போய்க் கேட்டிருக்கலாம். பத்து நிமிஷ நடை. கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டார். இந்த நோயில எப்ப வேணும்னாலும் நடக்கிறதுதாம்மா, நீங்க மனசை விடாதீங்க என்று பெரிய டாக்டர் என்னிடம் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் நாலு வருஷமாக வைத்திருக்கிறேன். ஆறுதலாக ஒரு நாள்கூட ஆகவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்து சொல்லியிருந்தால் அல்லவா அது ஆறுதல். அந்த அட்டைத் துண்டு அவருடைய பேர் ஒட்டும் காகிதம் இருக்கிற தகர டப்பாவுக்குள் இன்னும் கிடக்கிறது. அந்த டப்பாவின் மேலேயும் ஒட்டியிருக்கிறார், பேர்கள் என்று.

சுடலைமுத்து போய்விட்டார். பச்சை கிடைக்கவில்லை, வேறு ஏதோ கொடுத்து, இது பேரு இதுதான், பாத்துக்கிடுங்க என்று அந்தப் பிள்ளை படித்துக் காட்டி அனுப்பினாள். அடுத்து ஒரு அம்மா குழந்தைக்குச் சொட்டு மருந்து வாங்குகிறாள். அதற்கடுத்தது நான். லில்லி டீச்சர் என் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருக்கிறார், பல்லுக்கு எதுனாலும் வாங்கு, ஆனா அளவாப் போடு, நம்ம ஊர்ல ஒண்ணுக்கு நிக்கலன்னா ரெண்டு போடுதாளுவ. எந் தம்பி அப்படித்தான, காய்ச்சல்னு ஒரே நாள்ல ஒரு அட்டை முழுக்க முழுங்கினான், அதுவும் குடிச்சிட்டு. ஒரு அட்டை முழுக்க. ஒரே நாளில். அதுதான். பந்தலில் சொன்னதும் அதுதான். கத்தியை நிறுத்தாமல், வெங்காயத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டே, ஒரு அட்டையை ஒரே நாள்ல முழுங்கினாம்லா பாவி என்று சொன்னார். சொன்னார்தான். அந்தக் குரல்கூட இப்போது கேட்கிறது. அந்த நேரத்தில் நான் டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தூரத்துச் சொந்தம் என்றதை நம்பிவிட்டாரா இல்லையா என்று. அந்தக் கவலையில் பாதியைத்தான் காது வாங்கியது. டீச்சர் எனக்கு முழுசாகத்தான் கொடுத்தார். நான்தான் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இதைத்தான் தேடுகிறேன் என்று நினைத்தேன். இல்லை, இதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது, நாக்கு தினமும் தொட்டுவிட்டு வருகிறது அதைத்தான். அந்த முதல் நாள் ராத்திரி, சோறு சாப்பிட்ட பிறகு, தண்ணீரும் ஆரஞ்சு மாத்திரையுமாகக் கட்டிலுக்குப் போனேன். அவர் உடனே வாங்கிப் போட்டுக்கொள்ளவில்லை. அட்டைத் துண்டை வாங்கி, விளக்குப் பக்கமாகத் திருப்பி, பின்பக்கம் பார்த்து, மறுபடியும் முன்பக்கம் பார்த்து, பேர் எங்க தெபோ என்று கேட்டார். கடையில் வெட்டினதுல போயிட்டு என்றேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். லேப்பில் இப்படி ஒன்று கைக்கு வந்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ஈரலுக்கு ஒண்ணும் செய்யாதுல்லா, சொல்லித்தான வாங்கின என்றார். சொல்லித்தான் வாங்கினேன், அண்ணாச்சிகிட்ட எல்லாம் விவரமாச் சொல்லித்தான் வாங்கினேன், போடுங்க என்றேன். சரி, நீ கேட்டா சரிதான் என்று வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பேர் இல்லாத குப்பியைத் தொடாதவர். என் பேரைப் படித்துவிட்டுக் குடித்தார். மற்றப் பொய்யெல்லாம் ஊருக்கு, அவருடைய மானத்துக்கு. இந்த ஒன்று அவருக்கே. இதற்கு எங்கே போய் மன்னிப்புக் கேட்க என்று தெரியாமல், ஆண்டவரிடம் கேட்கிறேன். ஆண்டவரிடம் கேட்டால் கிடைக்கும் என்று எனக்கு விசுவாசம் உண்டு. கிடைத்தும் இருக்கலாம். ஆனால் தெபோ என்று கூப்பிட்டு, சரி போ என்று சொல்ல அவர் வேண்டுமே.

சொட்டு மருந்துக்காரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நகர்கிறாள். சொல்லுங்கம்மா என்கிறது பிள்ளை. நான் எழுந்துவிட்டேன், கண்ணாடி மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பல்லு வலி என்றேன். வீக்கம் இருக்கே, டாக்டரைப் பாத்தீங்களா. திங்கக்கிழமை. சரி, அதுவரைக்கும் ஒரு வலி மாத்திரை தாரேன், சுகர், பிரஷர், வேற ஏதும் உண்டாம்மா. அதே கேள்வி. நாலு வருஷம் கழித்து அதே இடத்தில், அதே வார்த்தையில். பின்னால் லில்லி டீச்சரின் பை. என் வாய் தன்னால் ஒண்ணும் என்று ஆரம்பித்துவிட்டது, பழகின மாடு தன்னால் வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி. ஒண்ணும் என்ற அளவில் நின்றேன். பிள்ளை கையில் ஒரு அட்டையை எடுத்துவிட்டாள், அதன் நிறம் எனக்குத் தெரிகிறது. ஆரஞ்சுதான். பல் ஒரு தடவை சுண்டியது, காது வரைக்கும் போயிற்று. ஆண்டவரே, ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தைதானே. எனக்கு ஈரல்ல கோளாறு இருக்கும்மா என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. மின்விசிறி சுற்றுகிறது, புரோட்டாக் கல்லைத் தேய்க்கிறான், பையின் சரசரப்பு மட்டும் நின்றுவிட்டது. எங்க வீட்டுக்காரருக்கும் ஈரல்தான், சுருங்கிப்போயிருந்துச்சு, அவர் குடிச்சதில்ல, ஒரு நாளும் குடிச்சதில்ல, சர்க்கரையால வந்தது என்றேன். இதை யாரும் கேட்கவில்லை. தூரத்துச் சொந்தம் இல்ல டீச்சர், அவருக்குத்தான் கேட்டேன் என்றேன், திரும்பாமலே. அந்த இஞ்சி விரல்கள் என் முழங்கையில் வந்து பிடித்தன, வலிக்கிற மாதிரி இறுக்கமாக. பிள்ளை ஆரஞ்சு அட்டையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டாள். அப்ப இது வேண்டாம்மா, நல்லவேளை சொன்னீங்க என்றாள், ஏதோ நான் இன்றைக்குத்தான் பிறந்து இன்றைக்குத்தான் பேசின மாதிரி. வெள்ளை மாத்திரையை எடுத்தாள். ஐந்நூறுதான், நாளைக்கு நாலைத் தாண்டக் கூடாது, வேற சளி மாத்திரை கிளி மாத்திரை சேத்துப் போட்டுராதீங்க, அதுலயும் இதே மருந்து இருக்கும் என்றாள். டாக்டரம்மாவும் அப்படித்தான் சொன்னார் என்றேன். எத்தனை வேணும். திங்கட்கிழமை வரைக்கும் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன், ஆறு போதும் என்றேன். ராத்திரி பியூலாவிடம் பேச வேண்டும். ஸ்கேனைச் சொல்ல வேண்டும், பிறகு மற்றதையும் சொல்ல வேண்டும், டாக்டர் கேட்டபோது அவள் பக்கத்தில் நின்றதையும் சேர்த்து. அவள் என்ன சொல்வாளோ. பிள்ளை அட்டையை விரித்து, கத்தரியை எடுத்து, ஓரமாக வைத்தாள். வெள்ளிக் காகிதத்தில் எழுத்து ஓடுகிற இடம் கத்தரியின் அந்தப் பக்கம் நின்றது.

கொஞ்சம் பொறும்மா. பேர் இருக்கிற பக்கமாப் பாத்து வெட்டிக் குடு.